வீட்டு ரவுட்டரில் யாரை விடுவது, யாரை நிறுத்துவது: ஒரு முழு வழிகாட்டி

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டை ஒட்டியே மண்டி. "பில் கட்டறது நாங்க தம்பி, நெட்டு ஓடறது ஊருக்கே" என்றார் அந்த அக்கா. மகள் பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துபோகிறதாம். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். வீட்டில் இருப்பது ஐந்து பேர். பட்டியலில் இருந்தது 19 சாதனங்கள்.

சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இது புதிதல்ல. சரக்கு எடுக்க வந்த வியாபாரி, லோடு ஏறும்வரை காத்திருந்த லாரி டிரைவர், மாடியில் குடியிருந்து காலி பண்ணிப் போனவர், பொங்கலுக்கு வந்த மாமா வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் பாஸ்வேர்டு கொடுத்தாகிவிட்டது. கொடுத்ததை யாரும் திரும்ப வாங்குவதில்லை.

இந்த மாதிரி வீடுகளில் முதலில் கேட்பதே "அந்த போனை மட்டும் பிளாக் பண்ணிக் கொடுங்க" என்பதுதான். அதை நான் கடைசியில்தான் செய்வேன். ஒரு போனைத் தடுப்பது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஒருவரை மட்டும் விரட்டுவது போன்றது. அன்று அந்த வீட்டில் செய்ததையே வரிசையாக எழுதுகிறேன். மெனுவின் பெயர்கள் பெட்டிக்குப் பெட்டி மாறும். செய்யும் வேலை மாறாது.

நெட் மெதுவாவது மட்டும் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. உங்கள் வைஃபையில் யார் எதைச் செய்தாலும் வெளியே பதிவாவது உங்கள் இணைப்பின் ஐபி முகவரிதான், அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டு போன போலீசார் முதலில் போய் நின்றது நவி மும்பையில் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில். பாதுகாப்பில்லாமல் கிடந்த அவருடைய வைஃபை வழியாக அந்த மின்னஞ்சல் போயிருந்தது.

முதலில் உள்ளே போக வேண்டும்

உங்கள் வீட்டில் இருப்பது எத்தனை பெட்டி என்று பாருங்கள். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியிலேயே வைஃபையும் இருக்கும். பான், லாஸ் என்று விளக்குகள் எரிவது இந்தப் பெட்டியில்தான். சில வீடுகளில் அதற்குப் பின்னால் கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டர் இருக்கும். இரண்டு பெட்டி இருந்தால் இரண்டுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். புது ரவுட்டருக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, பழைய பெட்டியின் வைஃபை பழைய பாஸ்வேர்டோடு ஓடிக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய வைஃபை தேவையில்லை என்றால் முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.

ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. இது எதுவும் வேலை செய்யவில்லை என்றால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் வருவதுதான் முகவரி. போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரம் பார்த்தால் அங்கேயும் கேட்வே என்று இருக்கும். அந்த எண்ணை பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடிக்க வேண்டும். தேடும் கட்டத்தில் அடித்துவிட்டு "கூகுள் என்னென்னமோ காட்டுது" என்று கூப்பிடுபவர்கள் உண்டு.

பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். சில பெட்டிகளில் உங்களுக்குக் கொடுக்கும் கணக்கில் பாதி மெனுதான் தெரியும். மீதி இணைப்பு கொடுத்தவரின் கணக்கில் இருக்கும். கேட்டால் சிலர் தருவார்கள், சிலர் அவர்களே வந்து செய்து கொடுப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாஸ்வேர்டு தெரியவில்லை என்று பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்திவிடாதீர்கள். கடையில் வாங்கிய ரவுட்டர் என்றால் திரும்ப அமைத்துக்கொள்ளலாம். ஃபைபர் பெட்டி என்றால் இணைப்புக்கான பயனர் பெயரும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து அழிந்துபோகலாம். அப்புறம் லைன்மேன் வரும்வரை வீட்டில் நெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முடிந்தவரை லேப்டாப்பை ஒரு கேபிளால் ரவுட்டரோடு இணைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். வைஃபை அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் போன் துண்டித்துக்கொள்ளும், கேபிள் துண்டிக்காது. பேக்கப் வசதி இருந்தால் இப்போதிருக்கும் அமைப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

பட்டியலை நோட்டில் எழுதுங்கள்

'கனெக்டட் டிவைசஸ்', 'டிஹெச்சிபி கிளையன்ட்ஸ்', 'ஸ்டேஷன் லிஸ்ட்' என்று ஏதோ ஒரு பெயரில் இப்போது இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஐபி முகவரி, மேக் முகவரி என்று மூன்று விவரம். மேக் முகவரி என்பது அந்தச் சாதனத்தின் அடையாள எண், 12 எழுத்துகள் கொண்டது. 0 முதல் 9 வரை எண்களும் ஆங்கில ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதியிருக்கும். அதில் முதல் ஆறு எழுத்து தயாரித்த கம்பெனியைக் குறிக்கும். இணையத்தில் அந்த ஆறைக் கொடுத்துத் தேடினால் டிவியா, கேமராவா, பிரிண்டரா என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

போன்களில் மட்டும் இந்த ஊகம் செல்லாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான முகவரியைக் காட்டுகின்றன. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது தானாக உருவாக்கிய முகவரி, அநேகமாக ஒரு போன்.

நான் செய்வது இதுதான். வீட்டில் உள்ள எல்லோருடைய போனையும் வாங்கி ஒன்றொன்றாக வைஃபையை அணைப்பேன். பட்டியலைப் புதுப்பித்துப் பார்த்து, காணாமல் போன வரிக்கு நேராக நோட்டில் "அக்கா போன்", "பெரியவர் போன்" என்று எழுதுவேன். சில பெட்டிகளில் துண்டித்த சாதனமும் கொஞ்ச நேரம் பட்டியலில் நிற்கும், பொறுத்துப் பாருங்கள். அப்புறம் டிவி, செட்டாப் பெட்டி, பிரிண்டர், இன்வெர்ட்டர், ஸ்மார்ட் பல்பு. இன்வெர்ட்டருக்குக்கூட வைஃபை வந்துவிட்டது என்பது பல வீடுகளில் வாங்கியவர்களுக்கே தெரியாது.

அந்த வீட்டில் எட்டு சாதனங்களுக்கு ஆள் கிடைத்தது. மீதி 11-க்கு ஆள் இல்லை. அவற்றுக்கு எதிரே கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். தெரியாத ஒவ்வொன்றையும் துரத்திக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். கதவை மாற்றினால் பாதிப் பேர் தானாக வெளியே நிற்பார்கள்.

இரண்டு பாஸ்வேர்டு, இரண்டும் வேறு வேறு

ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்டு ஒன்று, வைஃபையில் சேரும் பாஸ்வேர்டு இன்னொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. முதலாவதுதான் வீட்டுச் சாவிக்கொத்து. வைஃபையில் சேர்ந்த யாரும் அந்த முகவரியை அடித்து, ஸ்டிக்கரில் இருக்கும் 'அட்மின்' 'அட்மின்' என்பதைப் போட்டு உள்ளே வந்துவிடலாம். 2016-ல் மிராய் என்ற தீநிரல் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. தொழிற்சாலையில் போட்ட பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளில் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் திறந்து பார்த்தது. மாற்றாமல் விட்டவை லட்சக்கணக்கில் மாட்டின. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையை (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) முடக்கியபோது ட்விட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை.

ஆகவே நிர்வாக பாஸ்வேர்டை முதலில் மாற்றி நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டில் எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். பீரோவில் இருக்கும் நோட்டை இணையத்திலிருந்து யாரும் திறக்க முடியாது.

அடுத்து வைஃபை பாஸ்வேர்டு. 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். நம் பக்கத்தில் பத்தில் எட்டு வீட்டில் அது யாரோ ஒருவரின் செல்போன் எண்ணாகத்தான் இருக்கும். பத்து இலக்கமும் எண், முதல் இலக்கம் 6 முதல் 9-க்குள். இதை முறையாகத் தேடும் கணினிக்கு அது வேலையே இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். செக்கு, நாவல்பழம், திருகாணி, கம்பளி என்பது மாதிரி. பாட்டிக்கும் சொல்லிக் கொடுக்கலாம், யாரும் ஊகிக்கவும் முடியாது. இங்கே எழுதியிருப்பதையே வைத்துவிடாதீர்கள்.

அதே பக்கத்தில் பாதுகாப்பு வகை என்று ஒரு தேர்வு இருக்கும். டபிள்யூஈபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அது 2001-லேயே உடைபட்டது. டபிள்யூபிஏ2 குறைந்தபட்சம், அதில் குறியாக்கம் ஏஈஎஸ் ஆக இருக்கட்டும். டபிள்யூபிஏ2-வும் டபிள்யூபிஏ3-யும் கலந்த தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய போன்களும் மலிவான ஸ்மார்ட் பல்புகளும் சேராமல் முரண்டு பிடிக்கும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை இருந்தால் இரண்டுக்கும் மாற்ற மறக்காதீர்கள். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடுவது நடக்கும் தவறுதான்.

டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமல் சேரும் வசதி அது. அதோடு எட்டு இலக்க பின் ஒன்றும் இருக்கும். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முறை முயன்றால் போதும். இது 2011 கடைசியில் வெளியே வந்த குறை. பின் கிடைத்துவிட்டால் உங்கள் நான்கு சொல் பாஸ்வேர்டும் அதோடு சேர்ந்து கிடைத்துவிடும்.

வைஃபை பெயரை மறைத்து வைப்பதைப் பெரிய தந்திரமாகச் சிலர் சொல்வார்கள். தேட வேண்டும் என்று நினைப்பவருக்கு அது மறைவதில்லை. நேரம் வீணாக்க வேண்டாம்.

விருந்தினருக்குத் தனி வாசல்

பாஸ்வேர்டை மாற்றியதும் வீடு கொஞ்சம் கலவரமாக இருந்தது. அவரவர் போனில் திரும்பப் போட வேண்டும், டிவியில் ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டும். "இனிமே வர்றவங்களுக்குப் பாஸ்வேர்டு இல்லைன்னு எப்படி தம்பி சொல்றது? முகத்துல அடிச்ச மாதிரி இருக்குமே" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. கேட்பவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. சொல்லவும் தேவையில்லை.

பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று இரண்டாவது வைஃபை ஒன்று உருவாக்கலாம். அதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. அதில் சேர்ந்தவருக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கம்ப்யூட்டரும் கேமராவும் ரவுட்டரின் உள்பக்கமும் தெரியாது. திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது போல. உருவாக்கும்போது வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி, விருந்தினர் ஒருவரையொருவர் பார்க்க அனுமதி என்று இரண்டு டிக் இருக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். வேகத்துக்கு உச்சவரம்பு வைக்க முடிந்தால் அதையும் வையுங்கள். சீசன் முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அல்லது அணைத்தே விடுங்கள். வீட்டுப் பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம்.

மாடியில் குடியிருப்பவர்களுக்கும் இதுதான் சரி. ஸ்மார்ட் பல்பு, பிளக் மாதிரி அப்டேட்டே வராத மலிவான சாதனங்களையும் நான் இதில்தான் போடுவேன். ஆனால் பிரிண்டரையும், போனிலிருந்து படம் அனுப்பிப் பார்க்கும் டிவியையும் இதில் போட்டால் போனும் டிவியும் ஒன்றையொன்று காணாமல் தவிக்கும். அவை வீட்டு வைஃபையிலேயே இருக்கட்டும். இன்னொன்று: இரண்டாவது ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது முதல் பெட்டியின் நெட்டை வைஃபையாகப் பரப்ப மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்தத் தடுப்பு சில மாடல்களில் வேலை செய்யாது. கெஸ்ட்டில் சேர்ந்து, ரவுட்டர் முகவரியை அடித்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் தடுப்பு இல்லை.

இப்போது அந்த "பிளாக்"

'மேக் ஃபில்டர்', 'ஆக்சஸ் கன்ட்ரோல்' என்ற பெயரில் இருக்கும். இரண்டு விதமாக ஓட்டலாம். கறுப்புப் பட்டியல் என்றால் அதில் உள்ளவர்களைத் தவிர எல்லோரும் வரலாம். வெள்ளைப் பட்டியல் என்றால் அதில் உள்ளவர்கள் மட்டும் வரலாம்.

கறுப்புப் பட்டியலால் பெரிய பயன் இல்லை. முன்பே சொன்ன பொய் முகவரிதான் காரணம். தடுத்த போனின் வைஃபை அமைப்பில் மேக் முகவரித் தேர்வை மாற்றினால் புது ஆளாக வந்து நிற்கும். பிளஸ் டூ படிக்கும் எந்தப் பையனுக்கும் இது தெரியும். பாஸ்வேர்டு தெரிந்தவரைக் கறுப்புப் பட்டியல் நிறுத்தாது.

வெள்ளைப் பட்டியல் கொஞ்சம் பரவாயில்லை. அதிலும் ஓட்டை உண்டு: வைஃபையில் மேக் முகவரி மறைக்கப்படாமல் காற்றில் போகும். கருவி வைத்திருப்பவர் அதைப் படித்து, அதே முகவரியைத் தன் லேப்டாப்புக்குப் போட்டுக்கொள்ளலாம். பாஸ்வேர்டும் தெரிந்தால்தான் அவரால் உள்ளே வர முடியும் என்பது வேறு விஷயம். நான் இதைப் பூட்டாக நினைப்பதில்லை, வாசலில் வைத்த பதிவேடாக நினைக்கிறேன். புதிதாக யார் வந்தாலும் உங்களிடம் வந்து சொல்லித்தான் ஆக வேண்டும். பள்ளி போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்கொரு பயன் உண்டு.

வெள்ளைப் பட்டியல் போடுவதென்றால் முதலில் வீட்டு போன்கள் ஒவ்வொன்றிலும் இந்த வைஃபைக்கு மட்டும் உண்மையான மேக் முகவரியைக் காட்டச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை பெயரைத் தொட்டால் பிரைவசி என்ற இடத்தில் இருக்கும், ஐபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை அணைக்க வேண்டும். அப்புறம் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்பை முதல் ஆளாகச் சேருங்கள். பிறகே பட்டியலை இயக்குங்கள். மாற்றிச் செய்தால் உங்கள் வீட்டுக்கு வெளியே நீங்களே நிற்பீர்கள். எனக்கு ஒரு முறை நடந்தது, கேபிள் இருந்ததால் தப்பித்தேன்.

பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு இதே பக்கத்திலோ 'பேரன்டல் கன்ட்ரோல்' என்ற பக்கத்திலோ இருக்கும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை இந்தப் போனுக்கு நெட் வேண்டாம் என்று போடலாம். வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ரவுட்டரின் கடிகாரத்தை. பல பெட்டிகள் 1970 ஜனவரியிலேயே நின்றுகொண்டிருக்கும், அல்லது சீன நேரத்தைக் காட்டும். நேர மண்டலத்தை 5:30 கூட்டல் என்று மாற்றி, இணையத்திலிருந்து நேரம் எடுக்கச் சொல்லுங்கள். தவறான தளங்களைத் தடுக்க டிஎன்எஸ் இடத்தில் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களைப் போடலாம். தீநிரல் தளங்களையும் வயதுவந்தோர் தளங்களையும் அது தடுக்கும். பையன் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிட்டால் ரவுட்டர் என்ன செய்யும்?

போகாத அந்த ஒன்று

பாஸ்வேர்டு மாற்றி, கெஸ்ட் போட்டு முடித்துப் பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது 11 கேள்விக்குறிகளில் பத்து காணாமல் போயிருந்தன. ஒன்று மட்டும் நகரவில்லை. புதுப் பாஸ்வேர்டை யாரும் அதில் போடவில்லை. ஐந்து நிமிடம் எனக்கே புரியவில்லை. அப்புறம்தான் ரவுட்டரைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். ஒரு மஞ்சள் கேபிள் சுவரைத் துளைத்துக்கொண்டு மண்டிப் பக்கம் போகிறது. அந்த முனையில் கேமராப் பெட்டி. வைஃபை பாஸ்வேர்டு வைஃபைக்குத்தான். கேபிளில் வருபவரை அது கேட்கவே கேட்காது. ரவுட்டருக்குப் பின்னால் எத்தனை கேபிள் போகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். இதைத்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அந்தக் கேமராப் பெட்டிதான் எங்களை ஃபயர்வால் பக்கத்துக்குக் கொண்டுபோனது.

ஃபயர்வால்: திறந்து கிடப்பதை மூடுவது

மண்டி கேட்டில் நிற்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து போகும் வண்டிக்குச் சீட்டு எழுதுகிறார். அந்தச் சீட்டோடு திரும்பி வருவதை உள்ளே விடுகிறார். சீட்டில்லாமல் வெளியிலிருந்து தானாக வரும் வண்டியைத் திருப்பி அனுப்புகிறார். ரவுட்டரில் எஸ்பிஐ ஃபயர்வால் என்பது இதுதான். நீங்கள் ஒரு தளத்தைக் கேட்டால் அதன் பதிலை உள்ளே விடும், கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும். பெரும்பாலான பெட்டிகளில் இது ஏற்கெனவே இயக்கத்தில்தான் இருக்கும். இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

குறைவு, நடுத்தரம், உயர்வு என்று நிலை கேட்டால் உயர்வைப் போடத் தோன்றும். சில பெட்டிகளில் உயர்வு என்பது உள்ளிருந்து வெளியே போவதையும் அடைத்துவிடும். அலுவலகத்தோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் நின்றுபோகும், வீடியோ அழைப்பு திக்கும். நடுத்தரத்தில் விடுங்கள். உண்மையான ஆபத்து ஃபயர்வாலின் நிலையில் இல்லை, அதில் யாரோ போட்டு வைத்த ஓட்டைகளில் இருக்கிறது. அவற்றைத்தான் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

முதல் ஓட்டை போர்ட் ஃபார்வர்டிங். சில பெட்டிகளில் 'விர்ச்சுவல் சர்வர்' என்று இருக்கும். வெளியிலிருந்து இந்த எண்ணுள்ள கதவைத் தட்டினால் நேராக இந்தச் சாதனத்துக்கு விடு என்று சொல்லும் பட்டியல் அது. கேமரா மாட்டிய ஆள் 80, 554, 8000, 37777 மாதிரி எண்களைத் திறந்து வைத்திருப்பார். நீங்கள் ஊரில் இல்லாதபோது போனில் கேமரா பார்க்க வேண்டும் என்று கேட்டிருப்பீர்கள், அவரும் அன்றைக்கு ஓடினால் சரி என்று செய்திருப்பார். அந்தக் கதவு உங்களுக்கு மட்டும் திறப்பதில்லை. இணையத்தில் இரவு பகலாக இப்படிப்பட்ட எண்களைத் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. ஏன் போட்டது என்று தெரியாத வரிகளை அழித்துவிடுங்கள்.

இரண்டாவது டிஎம்இசட். ஒரு சாதனத்தை ஃபயர்வாலுக்கு முழுவதுமாக வெளியே நிறுத்திவிடும் அமைப்பு. வீட்டில் இதற்குத் தேவையே இல்லை. அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது யூபிஎன்பி. இதுதான் அந்த வீட்டில் மாட்டியது. போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல் காலியாக இருந்தது. ஆனால் யூபிஎன்பி இயக்கத்தில் இருந்தால் உள்ளே இருக்கும் சாதனம் தனக்கு வேண்டிய கதவை யாரையும் கேட்காமல் தானே திறந்துகொள்ளும். அந்தப் பக்கத்திலேயே திறந்தவற்றின் பட்டியல் தெரியும். மண்டி கேமராப் பெட்டி மூன்று கதவைத் திறந்து வைத்திருந்தது. அதன் பாஸ்வேர்டு ஒன்று முதல் ஆறு வரை. மாங்காய்க்கு விலை பேசுவது, பணம் எண்ணுவது, வீட்டு வாசல் எல்லாம் அந்தக் கேமராவில். யூபிஎன்பியை அணைத்து, ரவுட்டரை ஒரு முறை மறுபடி இயக்கி, பட்டியல் காலியானதைப் பார்த்துக்கொண்டேன். கேம் விளையாடும் பெட்டி வைத்திருக்கும் வீட்டில் பையன் கொஞ்சம் புலம்புவான். அவனுக்கு மட்டும் ஒரு போர்ட்டைக் கையால் திறந்து கொடுக்கலாம்.

அக்காவின் கணவர் விடவில்லை. "சேலத்துல இருந்தாலும் நான் மண்டியைப் பார்த்தாகணும்" என்றார். பார்க்கலாம். இப்போது வரும் கேமராப் பெட்டிகளில் கியூஆர் கோடைப் படித்துச் சேர்க்கும் வசதி உண்டு. அதில் கேமராப் பெட்டியே உள்ளிருந்து கம்பெனியின் சர்வரோடு பேசும், கதவு எதையும் திறக்க வேண்டாம். அந்தக் கம்பெனியை நம்ப வேண்டியிருக்கிறது என்ற குறை உண்டுதான். கேமராவின் பாஸ்வேர்டை மாற்றி, அதன் அப்டேட்டைப் போட்டு, அப்படியே மாற்றிக் கொடுத்தேன்.

நான்காவது, ரவுட்டரையே வெளியிலிருந்து திறக்கும் வழி. 'ரிமோட் மேனேஜ்மென்ட்', 'வேன் ஆக்சஸ்' என்று இருக்கும். வேன் என்றால் ரவுட்டரின் வெளிப்பக்கம், இணையம் வரும் பக்கம். வேன் பக்கம் ஹெச்டிடிபி, டெல்நெட், எஸ்எஸ்ஹெச், எஃப்டிபி எல்லாவற்றுக்கும் டிக்கை எடுங்கள். டிஆர்-069 என்று ஒன்று கண்ணில் படும். அது இணைப்பு கொடுத்தவர் தூரத்திலிருந்து உங்கள் பெட்டியைச் சரிசெய்யும் வழி. 2016 நவம்பரில் ஜெர்மனியில் இந்த வழிக்கான 7547 என்ற போர்ட் வழியாக நடந்த தாக்குதலில் ஏறக்குறைய 9 லட்சம் வீடுகளின் ரவுட்டர்கள் முடங்கின. ஆனாலும் அதை அணைத்தால் அவர்களால் உங்களுக்கு உதவ முடியாமல் போகும் என்பதால், கேட்காமல் தொடாதீர்கள்.

ஐந்தாவதைப் பலரும் பார்ப்பதே இல்லை: ஐபிவி6 என்ற புது ஐபி முகவரி முறை. பழைய முறையில் வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஐபிவி6-ல் ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் உலகம் முழுவதும் செல்லும் தனி முகவரி கிடைக்கும். ஒளிய இடமில்லை, ஃபயர்வால் ஒன்றுதான் மறைப்பு. உங்கள் பெட்டியில் ஐபிவி6 ஃபயர்வாலுக்கு என்று தனி டிக் இருந்தால் அது போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பிங்கைத் தடுப்பது, டாஸ் பாதுகாப்பு என்று வரும் மற்ற டிக்குகள் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் கவலை இல்லை. ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளுக்கு அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். பவர்கட் நேரத்தில் மட்டும் தொடாதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் பெட்டி செங்கல்தான்.

வெளியே நின்று தட்டிப் பாருங்கள்

எல்லாம் முடித்த பிறகு வீட்டுக்கு வெளியிலிருந்து சோதிக்க வேண்டும். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டு வைஃபையிலிருந்தே "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து அது சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால், உங்கள் கம்பெனி பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்படியென்றால் வெளியிலிருந்து உங்கள் கதவை நேராகத் தட்டவே முடியாது. ஐபிவி6 வழி மட்டும்தான் மிச்சம்.

இரண்டும் ஒன்றாக இருந்தால், போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அந்த எண்ணை பிரவுசரில் அடியுங்கள். ரவுட்டரின் லாகின் பக்கமோ கேமராவின் லாகின் பக்கமோ வந்தால் ஏதோ ஒரு கதவை விட்டுவிட்டீர்கள். ஒன்றும் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் நல்லது. 'ஷீல்ட்ஸ் அப்' என்ற பழைய இலவசத் தளம் முக்கியமான போர்ட்டுகளை எல்லாம் தட்டிப் பார்த்துச் சொல்லும். அதை வீட்டு இணைப்பிலிருந்து திறக்க வேண்டும்.

அன்று இரவு ஒன்பதரைக்குத்தான் அந்த வீட்டிலிருந்து கிளம்பினேன். கெஸ்ட் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் அட்டையில் எழுதி மண்டிக் கல்லா மேசையில் ஒட்டச் சொன்னேன். வீட்டுப் பாஸ்வேர்டு பீரோ நோட்டில். மாதம் ஒரு முறை பட்டியலைத் திறந்து நோட்டோடு ஒப்பிடச் சொல்லி மகளிடம் காட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். "அண்ணா, லிஸ்ட்ல புதுசா ஒண்ணு வந்திருக்கு." என்ன என்று பார்த்தால் அப்பா புதிதாக வாங்கிய எடை மெஷின். அதற்கும் வைஃபை. கெஸ்ட்டில் போடச் சொன்னேன்.